காணாமல் போன வெயில்

வானம் வைத்திருக்கும் கணக்கு – வரலாற்றுத் தொடர் – 9

சென்ற வாரம் பச்சைச் சூரியனில் நிறுத்தியிருந்தோம். 1883 ஆகஸ்ட் 27ஆம் தேதி சுந்தா நீரிணையில் கிரக்கதோவா எரிமலை வெடித்துச் சிதறியது. இரண்டு வாரம் கழிந்து, இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாக உதித்தது, பச்சையாகவே மறைந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் மிச்சி ஸ்மித் நிறமாலைக் கருவியை அந்தச் சூரியனை நோக்கித் திருப்பி வைத்தார். எங்கோ வெடித்த மலை, கடல் தாண்டி நம் தலைக்கு மேல் வந்து நின்ற கதை அது.

இந்த வாரக் கதையில் எரிமலை இல்லை. சத்தமும் இல்லை. நடுக்கடலில், நிர்மலமான வானத்தில், பட்டப்பகலில் வெயிலில் ஒரு பங்கு காணாமல் போனது. அதை எடுத்தவர் யார் என்று தேடிப் போனார்கள்.

1996 ஜனவரி. ‘சாகர் கன்யா’ என்ற இந்திய ஆராய்ச்சிக் கப்பல் அரபிக் கடலில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏ. ஜெயராமனும் சகாக்களும் இருந்தார்கள். சூரியனை நேராகப் பார்க்கும் ஒளிமானியைக் கொண்டு, வெயில் வரும் வழியில் காற்றிலுள்ள நுண்துகள்கள் எவ்வளவை மறிக்கின்றன என்று அளந்தபடியே போனார்கள். கரையை ஒட்டித் துகள் மிகுதி. அது எதிர்பார்த்ததுதான். ஊர்கள் இருக்கும் பக்கம் புகை இருக்கும். ஆனால் கரை மறைந்து நெடுந்தூரம் போன பிறகும் துகள்கள் விடவில்லை. பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே ஓரிடத்தில் அளவு சட்டென்று விழுந்தது. அதற்கப்புறம் காற்று சுத்தம்.

கடல் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி. இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் தூய்மை. ஒரு கப்பல் ஒரு பயணத்தில் கண்டதை வைத்து உலகம் ஒத்துக்கொள்ளுமா? ஒத்துக்கொள்ளாது. விமானங்கள் வேண்டும், செயற்கைக்கோள்கள் வேண்டும், தீவு ஒன்றில் நிரந்தரமாக உட்கார்ந்து அளக்கும் நிலையம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனையையும் ஒன்று சேர்க்கும் ஆள் வேண்டும்.

அந்த ஆள் வீரபத்ரன் ராமநாதன். 1944இல் சென்னையில் பிறந்தவர். பதினொரு வயதில் குடும்பம் பெங்களூருக்குப் போனது. அதுவரை தமிழில் படித்த பிள்ளைக்கு அங்கே ஆங்கிலத்தில் பாடம். வகுப்பில் சொல்வது புரியவில்லை. அதனால் வாத்தியார் சொல்வதைக் கேட்கும் பழக்கம் போய், எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம் ஊர்களில் இப்படிப் பின் பெஞ்சுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இவர் தப்பித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1965இல் வெளியே வந்தார்.

கிடைத்த வேலை செகந்திராபாத்தில், குளிர்சாதனப் பெட்டி செய்யும் கம்பெனியில். பெட்டிக்குள் அடைத்த குளிர்வாயு ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிந்து போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலை. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அதன் பிறகு 1970இல் அமெரிக்கா. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கலாம் என்று போனால், அவரை எடுத்துக்கொண்ட பேராசிரியர் ராபர்ட் செஸ் வெள்ளி, செவ்வாய்க் கிரகங்களின் காற்றுமண்டலத்துக்குத் தாவியிருந்தார். மாணவரும் கூடவே தாவினார்.

1975இல் ‘சயன்ஸ்’ இதழில் ராமநாதன் எழுதிய கட்டுரை வந்தது. செகந்திராபாத்தில் கசிந்த அதே வகை வாயுக்கள், குளோரோ ஃபுளோரோ கார்பன்கள், பூமியைச் சூடாக்கும் என்று காட்டினார். அவற்றில் ஒரு மூலக்கூறு பத்தாயிரம் கரியமில வாயு மூலக்கூறுகளுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அவை ஓசோனை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் முந்தின ஆண்டுதான் சொல்லியிருந்தார்கள். சூடேற்றவும் செய்யும் என்பதை உலகத்துக்குச் சொன்னவர், அந்த வாயு ஒழுகியதைக் கிட்டே இருந்து பார்த்த நம் ஊர்ப் பொறியாளர்.

கரியமில வாயு ஒன்றுதான் பூமியைச் சூடாக்குகிறது என்று நம்பியிருந்த காலத்தில், மனிதன் காற்றில் விடும் மற்றவற்றையும் எண்ண வேண்டும் என்று இந்தக் கட்டுரை கட்டாயப்படுத்தியது. இருபது ஆண்டு கழித்து அதே கேள்வியோடு ராமநாதன் இந்தியப் பெருங்கடலைப் பார்த்தார். வாயுவை எண்ணியாகிவிட்டது. புகையை யார் எண்ணியது?

ஏன் இந்தியப் பெருங்கடல்? ஏன் ஜனவரி முதல் மார்ச் வரை?

இதற்கு விடை காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கும் எங்கள் மாகறலில் நின்றாலே தெரியும். தை பிறக்கும்போது இங்கே வீசுவது வாடை. வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் காற்று. போகியன்று விடியற்காலை பழைய பாயும் துணியும் எரியும் புகை வாசலில் நிற்காது, தென்மேற்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். விறகடுப்புப் புகை, செங்கல் சூளைப் புகை, அறுவடை முடிந்த வயலில் வைக்கும் நெருப்பு, நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகள், காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் அண்டாக்களின் அடியில் எரியும் விறகு, எல்லாவற்றின் புகையும் அதே திசையில்தான் போயாக வேண்டும். இது நம் ஊர் ஒன்றின் சங்கதி இல்லை. இமயமலை அடிவாரம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை, இந்த மூன்று மாதமும் துணைக்கண்டத்தின் மூச்சு கடலை நோக்கித்தான் போகிறது. மழை பெய்தால் புகை கரைந்து தரைக்கு வரும். தை, மாசி, பங்குனியில் மழை ஏது? கழுவ ஆளில்லாத காற்று அப்படியே தெற்கே நகரும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து, அண்டார்க்டிகா திசையிலிருந்து, மனிதவாடை படாத காற்று வடக்கே வருகிறது. இரண்டும் பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே ஒரு மழைப்பட்டையில் சந்திக்கின்றன. அங்கே கொட்டும் மழை வடக்கின் அழுக்கைக் கழுவிவிடுகிறது. சாகர் கன்யா கண்ட வேலி அதுதான். உலகின் மிக அழுக்கான காற்றையும் மிகத் தூய காற்றையும் ஒரே கப்பலில் போய் அடுத்தடுத்து அளந்துவிடலாம். இப்படி ஓர் ஆய்வுக்கூடத்தை மனிதன் கட்ட முடியாது.

திட்டத்துக்கு ‘இண்டோயெக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இந்தியப் பெருங்கடல் சோதனை. ராமநாதனோடு தலைமைப் பொறுப்பை ஏற்றவர் பால் குருட்சன், 1995இல் மொலினாவோடும் ரோலண்டோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இந்தியப் பக்கத்துக்கு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா பொறுப்பு. இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், இரண்டரைக் கோடி டாலர் செலவு.

1999 ஜனவரியில் எல்லாரும் மாலத்தீவில் கூடினார்கள். காஷிதூ என்ற தீவில் நிலையம் ஏற்கெனவே தயார். இந்தியாவின் தென்முனையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தென்னந்தோப்புத் தீவு. ஆலை கிடையாது. கடலும் வானமும்தான். மாலே விமான நிலையத்திலிருந்து சி-130 விமானம் கருவிகளைச் சுமந்துகொண்டு பறந்தது. கடலில் சாகர் கன்யாவும், ரொனால்ட் எச். பிரவுன் என்ற அமெரிக்கக் கப்பலும். மேலே செயற்கைக்கோள்கள்.

விமானம் அலைகளுக்குச் சற்று மேலே பறந்து, பிறகு படிப்படியாக உயர்ந்தது. சுற்றிலும் மங்கல். நடுக்கடலில் பத்துக் கிலோமீட்டர் தூரம்கூடத் தெளிவாகத் தெரியாத இடங்கள் இருந்தன. பெரிய நகரங்களை ஒட்டித்தான் அப்படி இருக்கும். மூன்று கிலோமீட்டர் உயரம் தாண்டியதும் மேலே நீலம் விரிந்தது. கீழே குனிந்து பார்த்தால் அடிவானம் வரைக்கும் ஒரு பழுப்புப் படலம்.

அதன் பரப்பைக் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ ஒரு கோடி சதுர கிலோமீட்டர். அரபிக் கடலின் பெரும்பகுதி, வங்கக் கடலில் கணிசம், பூமத்திய ரேகை தாண்டியும் ஒரு வால். இந்தியாவைப் போல மூன்று மடங்கு.

துகள்களை வடிகட்டியில் பிடித்துப் பிரித்துப் பார்த்தார்கள். கடல் உப்பும் பாலைவனத் தூசும் இருந்தன, ஆனால் குறைவு. கந்தக உப்புகள், கரிமப் பொருட்கள், சாம்பல், கரித்தூள் ஆகியவைதான் மிகுதி. ஐந்தில் நான்கு பங்கு வரை மனிதன் எரித்ததன் மிச்சம்.

இதோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு சுகாதாரச் செய்தியாகப் போயிருக்கும். ஒரு கணக்கு இடித்ததால்தான் இது வரலாறானது.

காஷிதூ தரையில் எஸ்.கே. சதீஷும் மற்றவர்களும் வெயிலை அளந்துகொண்டிருந்தார்கள். மேலிருந்து செயற்கைக்கோள் இன்னொரு அளவை எடுத்தது, பூமி விண்வெளிக்குத் திருப்பியனுப்பும் ஒளியை. அதுவரை எல்லாரும் நம்பியிருந்தது இது: காற்றிலுள்ள துகள்கள் வெயிலைத் திருப்பி அடிக்கின்றன. அப்படியானால் மேலே எவ்வளவு திரும்பிப் போனதோ, கீழே அவ்வளவுதான் குறைய வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மேலே திரும்பிப் போனது ஒரு பங்கு. கீழே குறைந்தது மூன்று பங்கு.

மிச்சம் இரண்டு பங்கு வெயில் எங்கே? விண்வெளிக்குத் திரும்பவில்லை. கடலுக்கும் வந்து சேரவில்லை. கருவி பிசகியிருக்குமோ என்று எந்த ஆராய்ச்சியாளருக்கும் முதலில் தோன்றும். ஆனால் தரை, கப்பல், விமானம், செயற்கைக்கோள் எல்லாம் ஒரே சேதியைத்தான் சொல்லின.

வெயிலைப் பிடித்து வைத்திருந்தது பழுப்புப் படலம்தான். கந்தக உப்பு வெள்ளை வேட்டியைப் போல வெயிலைத் தள்ளிவிடும். கரித்தூள் கறுப்புக் குடையைப் போல உள்ளே வாங்கிக்கொள்ளும். அடுப்பிலிருந்தும் டீசல் இன்ஜினிலிருந்தும் வெளியேறிய கரி, நடுவானில் நின்று வெயிலை வாங்கித் தானும் சூடாகி, சுற்றியுள்ள காற்றையும் சூடாக்கிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் கடல் குளிர்ந்தது. கடற்பரப்புக்குப் போய்ச்சேர வேண்டிய சூரிய வெப்பத்தில் பத்து சதவீதம் வரை குறைந்திருந்தது என்று 2001இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான தொகுப்புக் கட்டுரை கூறியது. சதீஷும் ராமநாதனும் சேர்ந்து எழுதிய ‘மூன்று பங்கு’ கணக்கு அதற்கு முந்தின ஆண்டே ‘நேச்சர்’ இதழில் வந்துவிட்டது.

பத்து சதவீதம் என்றால் வாசகர்களுக்குச் சிறிதாகத் தோன்றலாம். தோன்றக் கூடாது. கடலில் விழும் வெயில்தான் நீராவியாக எழுந்து மழையாகிறது. மேலே காற்று சூடு, கீழே நீர் குளிர்ச்சி என்று தலைகீழாக ஆனால் காற்று மேலெழும்பத் தயங்கும், மேகம் கட்டும் விதமே மாறும். தங்கள் புகையைத் தாங்களே வானத்தில் கூரையாகப் போட்டுக்கொண்ட மக்கள் தங்கள் மழையையும் தாங்களே குலைத்துக்கொள்கிறார்களா? கேட்கவே பயமாக இருக்கும் கேள்வி இது. இதைப் பொதுவெளியில் கேட்ட நாள் தொட்டு அறிவியல் அரசியலாயிற்று.

2002 ஆகஸ்ட். லண்டனில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. தலைப்பு: ‘ஆசியப் பழுப்பு மேகம்’. அந்த மாதக் கடைசியில் ஜோகன்னஸ்பர்க்கில் பூமி உச்சி மாநாடு கூடவிருந்தது. மூன்று கிலோமீட்டர் தடிமன் உள்ள நச்சு மேகம் ஆசியாவைப் போர்த்தியிருப்பதாகவும், மழை மாறும், விளைச்சல் விழும், லட்சக்கணக்கானோர் நோய்ப்படுவார்கள் என்றும் உலகப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் எழுதின.

டெல்லி கொதித்தது. கொதித்ததில் நியாயமும் இருந்தது. இருநூறு ஆண்டாக நிலக்கரியை எரித்துப் பணக்காரர்களான நாடுகள் கரியமில வாயுக் கணக்கைத் தீர்க்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போது போய் ஏழைப் பெண்ணின் அடுப்பைச் சுட்டிக்காட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? எதிர்ப்பு அரசிடமிருந்து மட்டும் வரவில்லை. ராமநாதன் படித்த அதே இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜே. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் அறிக்கையைக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு எழுதினார்கள். பனிக்கால முடிவில் சில மாதம் நிற்கும் மூட்டத்தை வைத்து, அது கலைந்த பிறகு வரும் பருவமழையைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசலாமா? மழை குறைந்ததற்கு அளவு எங்கே? ஏன் ஆசியாவின் பெயரை மட்டும் ஒட்ட வேண்டும்?

என் கருத்தை ஒளிக்கவில்லை. பெயரை எதிர்த்தது சரி. ஆதாரம் கேட்டது மிகச் சரி. கேட்காவிட்டால் அது அறிவியலே இல்லை. ஆனால் ‘இது மேற்கத்தியச் சதி’ என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் நமக்கு நன்மை செய்யவில்லை. காஷிதூவுக்குப் போய்ச்சேர்வதற்கு முன்னால் அந்தக் கரி யாருடைய நெஞ்சு வழியாகப் போனது? அடுப்பைக் குனிந்து ஊதும் நம் அம்மாக்களின் நெஞ்சு வழியாகத்தான். விறகும் சாணமும் எரித்துச் சமைத்த தன் பாட்டி இருமியதை ராமநாதனே நினைவுகூர்ந்திருக்கிறார். நடுக்கடலை அளந்ததால் நம் சமையலறை தெரிந்தது.

அவர் எதிரிகளுக்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காரவில்லை. 2006 மார்ச்சில் மாலத்தீவின் வடகோடியில் உள்ள ஹனிமாதூ தீவுக்குப் போனார். ஆளில்லாத சிறு விமானங்களை மூன்று மூன்றாக ஏவினார்கள். ஒன்று படலத்துக்குக் கீழே, ஒன்று உள்ளே, ஒன்று மேலே, ஒரே நேரத்தில், ஒன்றன் தலைக்கு மேல் ஒன்றாக. காணாமல் போன வெயிலை இனி யாரும் கணிதம் என்று ஒதுக்க முடியாது. அதைப் பிடித்து வைத்திருந்த காற்றுக்குள்ளேயே கருவி இருந்தது. சூரிய ஒளியால் கீழ்வானக் காற்று சூடாகும் அளவை அந்தப் படலம் சுமார் 50 சதவீதம் கூட்டியிருந்தது என்று 2007இல் ‘நேச்சர்’ வெளியிட்டது.

படலம் உண்மை. சூடு உண்மை. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி, எல்லாவற்றிலும் கசப்பானது: யாருடைய புகை?

மாகறல் கோயிலின் தலபுராணத்தில் ஒரு தீ வருகிறது. தினம் ஒரு பழம் தரும் பலாமரம் இங்கே இருந்ததாம். அந்தப் பழத்தைச் சிதம்பரத்துக்குச் சுமந்துகொண்டு போக வேண்டும் என்பது முறை. அந்தப் பாரத்தைப் பொறுக்காத சிறுவன் ஒருவன் மரத்தைக் கொளுத்திவிட்டான். கொளுத்தியவன் யார் என்று சோழ மன்னனுக்கு உடனே தெரிந்துவிட்டது, நாடு கடத்தினான். கடல்மேல் நின்ற கரிக்கு அப்படி ஒருவனைக் கைகாட்ட முடியவில்லை. விறகும் சாணமும்தான் என்றார்கள் சிலர். டீசலும் நிலக்கரியும்தான் என்றார்கள் வேறு சிலர். இரு தரப்பிடமும் கணக்கு இருந்தது; இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. விறகுதான் என்றால் கோடிக்கணக்கான அடுப்புகளை மாற்ற வேண்டும். டீசல்தான் என்றால் லாரிகளையும் ஆலைகளையும் மாற்ற வேண்டும். தவறான ஆளைப் பிடித்தால் ஒரு தலைமுறையின் உழைப்பும் பணமும் வீண்.

ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஓர்யான் குஸ்தாஃப்சன் ஒரு வழி கண்டார். புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் பானை ஓட்டோடு கிடைக்கும் கரித்துண்டுக்கு வயது சொல்வார்களே, அதே கார்பன்-14. நேற்று வெட்டிய விறகில் அது இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் துளியும் மிச்சமிராது. கரித்தூளில் கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தால், அது மரத்திலிருந்து வந்ததா, சுரங்கத்திலிருந்து வந்ததா என்று கரியே வாய் திறந்து சொல்லிவிடும்.

இரண்டு இடங்களில் வடிகட்டிகளை வைத்தார்கள். ஒன்று ஹனிமாதூ தீவு. இன்னொன்று புனே அருகே சிங்ககட், 1670இல் சிவாஜியின் தளபதி தானாஜி உயிரைக் கொடுத்து மீட்ட அதே மலைக்கோட்டை. பிடித்த கரி சோதனைக்குப் போனது. முடிவு 2009 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது.

அடுப்பா, லாரியா? உங்கள் ஊகத்தை இந்த வாரமே எழுதி வையுங்கள். அடுத்த இதழில் முடிவைச் சொல்கிறேன்.

(தொடரும்)